அடி பெருக்கட்டும், தட்டு காத்திருக்கட்டும்

போன இதழில் இலையுதிர் மரங்களைத் தொட்டியில் வளர்ப்பது பற்றி நாலு வரி எழுதியதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைத்தான் சுற்றி வருகின்றன. நர்சரியில் இளங்கன்று வாங்கியாயிற்று, இனி அதை எப்படிப் போன்சாய் ஆக்குவது? ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கித் தந்திருக்கிறேன்.

கேள்வி (ஈரோடு வாசகி): நர்சரியில் அரசங்கன்று ஒன்று வாங்கினேன். மூன்றடி உயரம், தண்டு பென்சில் கனம். போன்சாய்த் தட்டு, கம்பி எல்லாம் ஆன்லைனில் வாங்கிவிட்டேன். எந்த மாதம் தட்டுக்கு மாற்றலாம்? அரச மரத்தை வெட்டினால் பாவம் என்கிறார் மாமியார், அதற்கும் ஒரு பதில் சொல்லுங்கள்.

பதில்: எந்த மாதமும் வேண்டாம். தட்டைத் துடைத்துப் பரணில் வையுங்கள், அதற்கு இன்னும் நாலைந்து வருஷம் வேலை இல்லை.

ஏன் என்று சொல்கிறேன். அடிமரம் பெருப்பது இலைகளின் கணக்கு. மேலே இலை எவ்வளவோ அவ்வளவு மாவுச்சத்து, அதற்கேற்ற அளவு மரம் கீழே சேரும். இலை நிறைய வேண்டுமானால் வேர் ஓட இடம் வேண்டும். இரண்டு அங்குல ஆழத் தட்டில் அந்த இடம் ஏது? வேர் அடங்கும், இலை குறையும், அடி அப்படியே நின்றுவிடும். இன்றைக்கு நீங்கள் தட்டில் வைத்தால் பத்து வருஷம் கழித்தும் அது கொஞ்சம் பெருத்த பென்சிலாகத்தான் இருக்கும். மரத்தை வளர்க்கும் வேலை வேறு இடத்தில் நடக்க வேண்டும், வளர்ந்து முடிந்ததை அதே அளவில் நிறுத்தி வைக்கத்தான் தட்டு. விற்கிறவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள், தட்டு விற்க வேண்டுமே.

இப்போது செய்ய வேண்டியது இது. கொத்தனார்கள் சாந்து அள்ளும் பெரிய பிளாஸ்டிக் சட்டி ஒன்று வாங்கி அடியில் நிறைய ஓட்டை போடுங்கள். வேறு மரமாக இருந்தால் நேராகத் தரையில் நடுங்கள் என்பேன், தரையில்தான் அடி வேகமாகப் பெருக்கும், ஆனால் அரசைச் சுவருக்குப் பக்கத்தில் நட்டுவிட்டு அப்புறம் அஸ்திவாரத்தைப் பார்த்துக் கவலைப்படுவதில் அர்த்தமில்லை. பாலிதீன் பையைக் கிழித்து வேரை விரித்துப் பாருங்கள். கீழ்நோக்கி ஓடும் ஆணிவேரைக் குட்டையாக வெட்டிவிட்டு, பக்க வேர்களை நாலாபக்கமும் விரித்து, அடியில் ஒரு தட்டையான ஓட்டுத் துண்டையோ டைல்ஸ் துண்டையோ வைத்து அதன் மேல் உட்கார வையுங்கள். கீழே போக வழியில்லாத வேர்கள் பக்கவாட்டில் ஓடும். பின்னால் மண்ணுக்கு மேலே நட்சத்திரமாகப் பரவித் தெரியப்போகிற வேர்கள் இவைதான், ஜப்பானியர்கள் நெபாரி என்று சொல்லி முதலில் பார்ப்பது இதைத்தான். பெரிய மரம் என்ற தோற்றம் பாதிக்கு மேல் இந்த வேரிலிருந்தே வருகிறது. கிளையைப் பத்து தடவை மாற்றி அமைக்கலாம், வேர்ப்பரவலைச் சின்ன வயதில் சரிசெய்யாவிட்டால் அப்புறம் ரொம்பக் கஷ்டம்.

அதற்குப் பின் கத்தரியைத் தொடாமல் இருப்பதுதான் கடினமான பகுதி. மரம் ஆறடி, எட்டடி என்று கன்னாபின்னாவென்று போகட்டும். முக்கியமாக அடியில் இருக்கிற கிளைகளை வெட்டாதீர்கள். பார்க்க அசிங்கமாக இருக்கும், ஆனால் தனக்குக் கீழே உள்ள தண்டைப் பெருக்க வைப்பது அவைதான். வேலை முடிந்ததும் அவற்றை எடுத்துவிடப் போகிறோம், தியாகக் கிளை என்றே அவற்றுக்குப் பெயர்.

அடி உங்களுக்கு வேண்டிய கனத்துக்கு வந்ததும் வெட்டு. இதற்கு ஒரு பழைய கணக்கு உண்டு, உயரம் அடிமரக் கனத்தைப் போல ஆறு மடங்கு. 5 செ.மீ. கனம் என்றால் 30 செ.மீ. உயரம். அரசுக்கு நான் இன்னும் பெரிய அளவையே சொல்வேன், 60 செ.மீ.க்குக் குறையாமல், ஏனென்றால் இலையும் பெரிது, காம்பும் நீளம், உள்ளங்கை அளவு அரசு என்பது நாலு இலை நட்ட குச்சியாகத்தான் தெரியும். கடைசி உயரத்தில் மூன்றில் ஒரு பங்கில் முதல் வெட்டைப் போடுங்கள். நுனியில் சுரக்கும் ஆக்சின் என்ற ஹார்மோன்தான் கீழ் மொட்டுகளைத் தூங்க வைத்திருக்கிறது. நுனி போனதும் அவை விழித்துக்கொண்டு கொத்தாக வெடிக்கும். வெட்டுக்குப் பக்கத்தில் வரும் தளிர் ஒன்றை அடுத்த நடுத்தண்டாகத் தேர்ந்து, அதையும் இதே போல ஓட விட்டு, கீழ்த்தண்டின் மூன்றில் இரண்டு பங்கு கனம் வந்ததும் மறுபடி வெட்டு. இப்படி இரண்டு மூன்று தடவை. கீழே தடித்து மேலே மெலிந்து லேசாக வளைந்து போகிற அந்த உருவம் கம்பியால் வருவதில்லை, இந்த வெட்டு-வளர்ப்பால்தான் வருகிறது. தென் சீனாவில் குவாங்தொங் பக்கத்து லிங்னான் பாணிக்காரர்கள் கிட்டத்தட்ட கத்தரியை மட்டுமே வைத்துக்கொண்டு மரம் செய்கிறார்கள்.

வெட்டுகிற நேரம் மாசி, பங்குனி. அரசு இலையைக் கொட்டிவிட்டு செம்பு நிறத் தளிரோடு வரும் முன்பு, மொட்டு லேசாகப் பருக்கும்போது. பால் வடியும், தண்ணீரில் கழுவிவிட்டு அது நின்றதும் வெட்டுப்புண்ணுக்கான பசையைத் தடவுங்கள்.

மாமியாருக்குப் பதில்: கோயில் அரசைத் தொடவில்லை அம்மா, வெட்டியது துளிர்த்துக்கொண்டுதான் இருக்கிறது என்று ஒரு மாதம் கழித்துக் காட்டுங்கள். அதற்கு மேல் நான் உங்கள் வீட்டுக்குள் வர மாட்டேன்.

கேள்வி (சென்னை வாசகர்): ஜப்பானிய மேப்பிள் கன்று ஆன்லைனில் கிடைக்கிறது. சிவப்பு, நீலம், ஊதா என்று விதையும் விற்கிறார்கள். மொட்டை மாடியில் வளர்த்துப் போன்சாய் செய்யலாமா?

பதில்: நீல இலை மேப்பிள் என்று உலகத்தில் ஒன்று இல்லை, அந்தப் படம் கம்ப்யூட்டரில் செய்தது. பணத்தை அனுப்பாதீர்கள்.

சிவப்பு மேப்பிள் உண்மையில் உண்டு, ஆனால் சென்னையில் வேண்டாம். ஜப்பானிய மேப்பிள், மூவிலை மேப்பிள், ஜெல்கோவா, கிங்கோ போன்றவை குளிருக்காக இலை உதிர்ப்பவை. இரண்டு மூன்று மாதம் நல்ல குளிரில் தூங்கினால்தான் அடுத்த வசந்தத்தில் ஒழுங்காகத் துளிர்க்கும். சென்னையில் மார்கழி விடியற்காலை 18 டிகிரிக்கு இறங்கினாலே பேப்பரில் செய்தி வருகிறது. தூக்கம் கிடைக்காத மரம் ஒரு வருஷம் தாக்குப்பிடிக்கும், இரண்டாம் வருஷம் இளைக்கும், அப்புறம் ஒரு மே மாத வெயிலில் இலை விளிம்பு கருகி முடிந்துவிடும். ஊட்டி, கொடைக்கானல் வாசகர்கள் தாராளமாக முயலலாம்.

நம் சமவெளி மரங்கள் இலை உதிர்ப்பது வறட்சிக்காக. அது வேறு தூக்கம். அரசு, கிளுவை, உதியன், வாகை, இலவு எல்லாம் இந்த ரகம். புளி முழுக்க உதிர்க்காது, ஆனாலும் பொடி இலையும் வெடித்த பட்டையும் அதற்கு இயற்கையிலேயே வந்த வரம், இரவில் இலையை மூடிக்கொள்வதைப் பார்க்கவே ஒன்று வளர்க்கலாம், என்ன, அடி பெருக்க நிறையப் பொறுமை வேண்டும். அதற்கு நேர் எதிர் உதியன். 'ஒதி பெருத்தாலும் உத்திரத்துக்கு ஆகாது' என்று கிராமத்தில் சொல்வார்கள், நமக்கு உத்திரம் வேண்டாம், பெருத்தால் போதும்! கட்டைவிரல் கனத்துக் குச்சி சில வருஷத்தில் கை மணிக்கட்டுக் கனம் வந்துவிடும். ஆனால் தடித்த தடித்த குச்சிகளாகத்தான் கிளைக்கும், நுண்கிளை வராது, வெட்டிய இடத்துக்குக் கீழே பட்டுப்போகிற பழக்கமும் உண்டு. அதனால் முதல் மரமாக நான் சொல்வது அரசு அல்லது கிளுவை.

கேள்வி (யாழ்ப்பாணம் வாசகர்): எங்கள் வளவில் கிளுவங்கதியால் (வேலிக்கு நட்டு வேர்விட்ட கிளுவைத் தடி) வேலி நிற்கிறது. நர்சரிக் கன்றுக்குப் பதிலாக அந்தக் கதியாலை வெட்டி நட்டுப் போன்சாய் ஆக்கலாமா? கிணற்றுத் தண்ணீர் சவர், அது பாதிக்குமா?

பதில்: ஐயா, உங்களுக்கு ஐந்து வருஷ வேலை மிச்சம். ஈரோட்டு அம்மாவுக்கு அவ்வளவு நீளமாக எழுதியதே அடி பெருக்கத்தான், உங்கள் வேலியில் அது ஏற்கெனவே பெருத்து நிற்கிறது. தடித்த துண்டிலிருந்தே வேர் விடுகிற மரங்கள் கொஞ்சம்தான், கிளுவை அதில் ஒன்று. கொங்கு நாட்டுத் தோட்டங்களிலும் முள்கிளுவை வேலி இப்படித்தான் நட்டது.

இலை இல்லாத காலத்தில், மழை தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் வெட்டுங்கள். உங்கள் பக்கம் ஆவணி, புரட்டாசி பொருத்தமாக இருக்கும். வேலியில் நடும் நீளத்துக்கு வேண்டாம். வளைந்ததோ கவட்டை விழுந்ததோ பழைய வெட்டுக் காயம் உள்ளதோ பார்த்து ஒரு முழத்துக்குள் எடுங்கள். நேரான துண்டு எளிதாகக் கிடைக்கும், அழகாகவே வராது. வெட்டிய முகத்தை ரம்ப அடையாளம் போகும்படி கத்தியால் வழித்து, நிழலில் சில நாள் காய விட்டு, அதன் பிறகு பருமணலில் நடுங்கள். பிசின் வடியும், கிளுவை குக்குலு என்ற வாசனைப் பிசினைத் தருகிற மரத்தின் உறவு, வாசனையும் லேசாக வரும். வேர் வெட்டு விளிம்பைச் சுற்றி வரும் என்பதால் நெபாரி தானாகவே அமைந்துவிடுகிறது.

துளிர்க்கும் வரைக்கும் தண்ணீரைக் குறையுங்கள். சாகிற கிளுவையில் பெரும்பாலானது அழுகித்தான் சாகிறது. இலை இல்லாத மரம் தண்ணீரை இழுக்காது, மண் ஈரமாகவே கிடந்தால் அடி மெத்தென்று ஆகிவிடும்.

கதியாலில் உள்ள ஒரு குறை, மேலும் கீழும் ஒரே கனம். துளிர்கள் வந்ததும் உச்சியில் நல்லதாக ஒன்றை மட்டும் நீளமாக ஓட விட்டு அடுத்த தண்டாக்குங்கள், மற்றவற்றைக் கிள்ளி அடக்குங்கள். பழைய வெட்டுமுகத்தைப் பிறகு சரிவாகச் செதுக்கி அந்தத் தளிரோடு இழைக்கலாம்.

தண்ணீர் விஷயத்தில், சுண்ணாம்புக்கல் நிலத்துக் கிணறு என்பதால் உப்பும் சுண்ணாம்பும் தொட்டி மண்ணில் படியத்தான் செய்யும். இலை நுனி கருகும், தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூக்கும். மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்து அவ்வப்போது அடியால் ஓடுகிற அளவுக்கு ஊற்றிக் கழுவுங்கள். மாரி மழையில் வெளியே விட்டாலே பாதி வேலை முடிந்தது.

கேள்வி (மதுரை வாசகர்): மாதுளைக் கன்று, இரண்டு வயது. அடியிலிருந்தே ஐந்தாறு தண்டு வந்திருக்கிறது. இலையுதிர் மரம் என்கிறார்கள், ஆனால் என் மரத்தில் உதிரவே இல்லை. நானே உருவி விடலாமா?

பதில்: குளிர் நாட்டில் மாதுளை முழுக்க உதிர்க்கும், மதுரையில் பாதி உதிர்த்தால் அதிகம். தோட்டக்காரர்கள் தண்ணீரை நிறுத்தி இலையைக் கொட்ட வைத்துப் பூ எடுப்பார்கள், மகாராஷ்டிரத்தில் இதைப் பஹார் என்று பெரிய முறையாகவே செய்கிறார்கள். அது தரையில் ஆழ வேர் உள்ள மரத்துக்கு. தொட்டி மாதுளைக்குச் செய்தால் இலையோடு மரமும் போய்விடும். உருவுவதும் இப்போது வேண்டாம். இலையை நீக்குவது கிளை அமைந்து முடிந்த மரத்தில், இலையைச் சிறிதாக்கவும் நுண்கிளை வரவழைக்கவும், நல்ல ஆரோக்கியத்தில் இருக்கும்போது செய்கிற வேலை. வளர வேண்டிய கன்றின் இலையைப் பறிப்பது சாப்பாட்டைப் பிடுங்குவதுதான். மாதுளைக்கு இலை ஏற்கெனவே பொடி, அவசியமே இல்லை.

தண்டுகளில் ஒன்றை மட்டும் வைக்கலாம், அல்லது கனத்திலும் உயரத்திலும் வேறுபட்ட மூன்றை வைத்துக் கூட்டமரமாக்கலாம். சமமான இரண்டை மட்டும் வைக்காதீர்கள், கவண் மாதிரி நிற்கும். மற்றவற்றை அடியோடு எடுத்துவிட்டு, அப்புறமும் வந்துகொண்டே இருக்கும் பக்கக் கன்றுகளை நகத்தளவிலேயே கிள்ளுங்கள். வளைக்க வேண்டியதைப் பச்சைத் தண்டாக இருக்கும்போதே வளைத்துவிடுங்கள், முற்றிய மாதுளைக் கிளை சொல்லாமல் கொள்ளாமல் முறியும்.

இன்னொன்று, இலை சிறிதாகும், பழம் ஆகாது. சாதாரண ரகத்தில் ஒரு பழம் பிடித்தால் கிளையே தொங்கிவிடும். 'நானா' என்ற குட்டை ரகம் கேட்டு வாங்கினால் பூவும் பழமும் அளவாக இருக்கும்.

கேள்வி (சேலம் வாசகி): போன்சாயை ஹாலில் டிவி பக்கத்தில் வைக்கலாமா?

பதில்: விருந்தாளி வரும் நாளில் ஒரு நாள், இரண்டு நாள். மற்றபடி வெளியேதான்.

கேள்வி (கோவை வாசகர்): கம்பி கட்டினேன், கிளையில் கம்பி பதிந்து திருகு மாதிரி தழும்பு விழுந்துவிட்டது. மறையுமா? எந்தக் கம்பி, எவ்வளவு நாள்?

பதில்: லேசான தழும்பு சில வருஷத்தில் மறையும், ஆழமானது மறையாது. அந்தக் கிளையை எடுத்துவிட்டு வேறு வளர்ப்பது பெரும்பாலும் சீக்கிரம் முடிகிற வேலை.

பைன், ஜூனிபர் கட்டும் வீடியோக்களைப் பார்த்து அதே கணக்கில் நம் மரத்துக்குக் கட்டுவதால் வருகிற வினை இது. அவை மெதுவாகப் பெருப்பவை, பல மாதம் கம்பியோடு கிடக்கும். நம் ஊரில் ஆனி, ஆடிக்கு மேல் மழை ஈரத்தில் ஓர் அரசுக் கிளை சில வாரத்திலேயே கம்பியை விழுங்கத் தொடங்கிவிடும். பட்டையும் மெல்லியது. எத்தனை நாள் என்று கேட்காதீர்கள், வாரம் ஒரு தடவை கிட்டப் போய்ப் பாருங்கள், கம்பிக்கும் பட்டைக்கும் நடுவே இடைவெளி போனதும் எடுத்துவிடுங்கள். கிளை நிற்கவில்லை என்றால் இடம் மாற்றி மறுபடி கட்டலாம். எடுக்கும்போது சுற்றிச் சுற்றிக் கழற்றாமல் ஒவ்வொரு சுற்றாகக் கட்டரில் நறுக்கி எடுங்கள். கம்பியை மிச்சம் பிடிக்கப் போய்க் கிளையை முறித்தவர்கள் உண்டு.

அலுமினியக் கம்பி போதும், செம்பு இளந்தண்டுக்குக் கடினம். கனம் கிளையில் மூன்றில் ஒரு பங்கு. 45 டிகிரிச் சாய்வில், நெருக்காமல், ஒரே கம்பியால் இரண்டு கிளையைச் சேர்த்துக் கட்டினால் இரண்டுக்கும் பிடிப்பு கிடைக்கும். கட்ட நல்ல நேரம் இலை உதிர்ந்து எலும்புக்கூடு தெரியும்போது, அப்போதுதான் எந்தக் கிளை எதோடு முட்டுகிறது என்பதே புரியும். வளைவை அடியிலிருந்தே தொடங்குங்கள். முதல் நாலு அங்குலம் நட்ட குச்சியாக நின்று மேலே மட்டும் பாம்பாக நெளிகிற தண்டை நர்சரியில் 'எஸ் ஷேப்' என்று விலை ஏற்றி விற்கிறார்கள், எனக்கு அதைக் கண்டாலே ஆகாது.

கிளையைக் கீழே இறக்க மட்டும்தான் வேண்டும் என்றால் கம்பியே வேண்டாம், சணல் கயிற்றில் கட்டித் தொட்டி விளிம்புக்கு இழுத்து விடுங்கள். தழும்பு பயம் இல்லை.

ஒரே இடத்திலிருந்து மூன்று நாலு கிளை வந்தால் ஒன்றை மட்டும் விடுங்கள். எல்லாவற்றையும் விட்டால் அந்த இடம் முட்டியாகப் பருத்து, கீழ்த்தண்டு மெலிந்தும் மேலே தடித்தும் தெரியும். இந்தக் கோளாறு கம்பியால் தீராது.

கேள்வி (திருச்சி வாசகர்): நர்சரியில் வாங்கிய குல்மோகர் கன்று மாசியில் இலை எல்லாம் கொட்டிவிட்டது. தினமும் இரண்டு வேளை தண்ணீர் ஊற்றியும் துளிர்க்கவில்லை. செத்துவிட்டதா? என்ன மண் போட வேண்டும்?

பதில்: நகத்தால் தண்டில் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை என்றால் உயிர் இருக்கிறது. பழுப்பாகக் காய்ந்திருந்தால் கொஞ்சம் கீழே சுரண்டுங்கள், பச்சை தெரிகிற இடம் வரைக்கும் வெட்டிவிடலாம். அடி வரைக்கும் பழுப்பு என்றால் முடிந்தது.

பச்சையாக இருந்தால் முதல் வேலை அந்த இரண்டு வேளைத் தண்ணீரை நிறுத்துவது. மாசியில் குல்மோகர் இலை கொட்டுவது இயல்பு, அது தாகம் இல்லை. விரலை மண்ணில் ஓர் அங்குலம் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். துளிர் வந்து இலை விரிந்ததும் கணக்கு மாறும், சித்திரை வெயிலில் சிறு தொட்டிக்கு அதே இரண்டு வேளை தேவைப்படும்.

மண்ணைப் பற்றிக் கேட்டது நல்லது. நர்சரிப் பையில் இருப்பது பெரும்பாலும் செம்மண்ணோ களியோ. ஆழமான பையில் அது பரவாயில்லை, ஆழம் குறைந்த தொட்டியில் விஷம். ஊற்றிய தண்ணீர் எந்தத் தொட்டியிலும் அடியில் ஒரு படலமாகத் தேங்கத்தான் செய்யும், தொட்டி ஆழமாக இருந்தால் வேரின் பெரும்பகுதி அந்தப் படலத்துக்கு மேலே இருக்கும், ஆழமே இரண்டு அங்குலம் என்றால் மொத்த வேரும் அதற்குள்தான். அதனால்தான் ஜப்பானில் அகடாமா என்ற கெட்டிக் களிமண் உருண்டை, எரிமலைக்கல் என்று பொடிக்கல் மாதிரியானவற்றிலேயே வளர்க்கிறார்கள். அதை இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. நன்றாக வெந்த செங்கல்லை உடைத்துச் சலித்து 3 முதல் 6 மி.மீ. வரைக்கும் உள்ள துண்டுகளை மட்டும் எடுங்கள், தூளைக் கொட்டிவிடுங்கள். அது இரண்டு பங்கு, கழுவிய பருமணல் ஒரு பங்கு, நன்கு மட்கிய இலை உரம் ஒரு பங்கு. எம்-சாண்ட் என்றால் மாவு மொத்தமும் போகும்வரை சலிக்காமல் போடாதீர்கள், இறுகிப் பாறையாகிவிடும். கோகோபீட் அதிகம் வேண்டாம், நம் மழைக்காலத்தில் அது காயவே காயாது. வளரும் பருவத்தில் ஊற வைத்த கடலைப் புண்ணாக்குத் தண்ணீரை நிறைய நீர்த்து ஊற்றுங்கள், நாற்றத்துக்குப் பக்கத்து வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வேர் வெட்டி மாற்றிய பிறகு மட்டும் குறைந்தது ஒரு மாதத்துக்கு எந்த உரமும் கூடாது.

வேர் வெட்டுவது என்றால் மூன்றில் ஒரு பங்கு வரைக்கும், மொட்டு பருக்கும் நேரத்தில். மாற்றி வைத்ததும் மரம் ஆடாமல் அடி ஓட்டை வழியாகக் கம்பி விட்டுத் தொட்டியோடு கட்டுங்கள். ஆடுகிற மரத்தில் புது வேர் அறுந்துகொண்டே இருக்கும்.

ஒரு வார்த்தை, குல்மோகர் பெரிய தொட்டியில் அழகு, சின்னத் தொட்டியில் சிரமம். இலை ஒன்றே ஒன்றரை அடிக்கு நீளும்.

கேள்வி (விழுப்புரம் வாசகர்): போன்சாய் வீட்டில் இருந்தால் வளர்ச்சி தடைபடும் என்கிறார் வாஸ்து பார்த்தவர். மரத்தைச் சித்திரவதை செய்வது என்றும் ஒருவர் எழுதியிருந்தார்.

பதில்: வாஸ்துக்காரருக்கும் எனக்கும் தொழில் வேறு. சித்திரவதைக்கு வருவோம்: பட்டினி போட்ட மரம் தளிர்க்காது, பூக்காது, சீக்கிரம் செத்துப்போகும். டோக்கியோவில் 1923 பூகம்பத்துக்குப் பிறகு போன்சாய் வளர்ப்பவர்கள் சிலர் வடக்கே போய் 1925இல் ஓமியா என்ற இடத்தில் ஒரு கிராமமே அமைத்தார்கள். நூற்றாண்டுகள் கண்ட மரங்கள் இன்றும் அங்கே தொட்டியில் நிற்கின்றன. கொடுமைப்படுத்தி அத்தனை காலம் ஒரு மரத்தை வைத்திருக்க முடியாது. தோட்டத்தில் மல்லிகையையும் கொய்யாவையும் கவாத்து செய்கிறபோது யாரும் இந்தக் கேள்வி கேட்பதில்லை.

கேள்வி (டொராண்டோ வாசகி): அக்டோபர் தள்ளுபடியில் ஜப்பானிய மேப்பிள் ஒன்று வாங்கினேன், நாலடி உயரம். அடியில் ஒரு புடைப்பு தெரிகிறது. குளிருக்கு வீட்டுக்குள் எடுக்கலாமா? இப்போதே வெட்டித் தொட்டி மாற்றலாமா?

பதில்: சென்னைக்காரருக்கு இல்லாத குளிர் உங்களுக்குத் தேவைக்கு மேல் இருக்கிறது. வீட்டுக்குள் எடுக்கவே கூடாது, ஹீட்டர் ஓடும் அறையில் அது தூங்காது. அதற்காகப் பால்கனியிலும் விடாதீர்கள். தரையில் நட்ட மரம் தாங்குகிற குளிரைத் தொட்டியில் உள்ள வேர் தாங்காது, மண் நாலாபக்கமும் உறைந்துவிடும். சூடேற்றாத கராஜ் இருந்தால் அதுதான் இடம், 0 முதல் 5 டிகிரி வாக்கில் நின்றால் நல்லது. இலை இல்லாதபோது வெளிச்சம் வேண்டியதில்லை. மண் முழுக்கக் காயாமல் எப்போதாவது கொஞ்சம் தண்ணீர். கராஜ் இல்லாவிட்டால் தோட்டத்தில் குழி தோண்டித் தொட்டியோடு இறக்கி, மேலே சருகு மூடிவிடுங்கள்.

வேரை இப்போது தொடாதீர்கள். வசந்தத்தில் மொட்டு பருத்து விரியப் போகும்போது செய்யுங்கள், ஆனால் உறைபனி பயம் போகும்வரை இரவில் உள்ளே எடுத்து வைக்க வேண்டிவரும். குளிர்கால முடிவில் பெரிய கிளை வெட்டினால் மேப்பிள் நீராக ஒழுகும், அதனால் பெரிய வெட்டுகளை முதல் இலைகள் முற்றிய பிறகு, ஜூன் வாக்கில் வைத்துக்கொள்ளலாம்.

அந்தப் புடைப்பு ஒட்டுக் கட்டிய இடம். கீழே ஒரு ரகம், மேலே ஒரு ரகம், வயதாக ஆக வித்தியாசம் இன்னும் தெரியும். அதை மறைக்க முயல்வதை விட, அதற்கு மேலே ஒரு விண்பதியம் போட்டு வேர் வரவழைத்துப் பிரித்துவிடுங்கள். மே மாதக் கடைசியில், இலை முற்றியதும் பட்டையை வளையமாக நீக்கி ஈரப் பாசி வைத்துக் கட்டினால் கோடைக்குள் வேர் தெரியும். புடைப்பும் போகும், சுற்றிலும் புது வேர்ப்பரவலும் கிடைக்கும், கீழே மிஞ்சிய மரம் இன்னொரு கன்று.

மேப்பிளில் மொட்டுகள் எதிரெதிராக வரும். ஒவ்வொரு கணுவிலும் ஒரு பக்கத்தை எடுத்துவிட்டு மறுபக்கத்தை விடுங்கள், மாற்றி மாற்றி. இரண்டாவது மரம் வாங்குவதாக இருந்தால் அமுர் மேப்பிள் கேளுங்கள், உங்கள் குளிர் அதற்கு ஒரு பொருட்டில்லை.

கேள்வி (தஞ்சாவூர் வாசகர்): இன்னும் கன்று வாங்கவில்லை. நர்சரியில் எதைப் பார்த்து எடுப்பது?

பதில்: நீங்கள்தான் புத்திசாலி.

முதலில் குனியுங்கள். அடியில் மண்ணை விரலால் ஓர் அங்குலம் விலக்கித் தண்டு எங்கே விரிந்து வேராகிறது என்று பாருங்கள். நர்சரியில் பெரும்பாலும் ஆழமாகப் புதைத்திருப்பார்கள். வேர் ஒன்று தண்டைச் சுற்றிக் கயிறு மாதிரி இறுக்கியிருந்தால் அதை விட்டுவிடுங்கள். பையின் அடியைக் கிழித்துக்கொண்டு தரைக்குள் வேர் விட்ட கன்றும் உண்டு, பிடுங்கினால் பாதி வேர் அங்கேயே நின்றுவிடும், ஆனால் அப்படித் தரையில் வேர் விட்டதாலேயே அடி பெருத்திருக்கும். மழைக்காலத்தில் வேரை வெட்டி எடுத்துத் தரச் சம்மதித்தால் அதை வாங்கலாம்.

உயரத்தைப் பார்க்காதீர்கள், எப்படியும் வெட்டப் போகிறீர்கள். அடியில் கிளை இருக்கிறதா, கீழே வளைவு இருக்கிறதா என்பதே கணக்கு. நர்சரிக்காரர் உங்களுக்கு நேராக, உயரமாக, பளபளவென்று ஒன்றை எடுத்துக் காட்டுவார், அவர் மேல் தப்பில்லை, தோப்பு வைக்கிறவர்களுக்கு அதுதான் நல்ல கன்று. நீங்கள் பின்பக்கம் போங்கள். ஆடு கடித்து நுனி போனது, இன்னொரு பைக்கு அடியில் சிக்கிக் கோணிக்கொண்டது, மூன்று வருஷமாக விற்காமல் கிடப்பது என்று ஒரு மூலையில் கிடக்கும். அதைக் கேட்டால் விலையும் குறைத்துத்தான் தருவார்.